இடது கை மட்டும் எழுத்துக்கூட்டுகிறது: இரண்டு ஸ்டாஃபையும் சேர்த்து வாசிப்பது எப்படி?

கேள்வி, 3.2.2024, மாலை

ஆப்பில் ஒற்றை நோட்டைக் காட்டினால் கண் இமைக்கும் முன் பெயர் சொல்லிவிடுகிறேன், வலது கைக்கான மேல் ஐந்து கோடு (ட்ரெபிள் ஸ்டாஃப்) ஆனாலும் இடது கைக்கான கீழ் ஐந்து கோடு (பேஸ் ஸ்டாஃப்) ஆனாலும். ஆனால் பியானோ முன் உட்கார்ந்து புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தால் நாலு பார் (தாளக் கட்டம்) தாண்டவில்லை. வலது கை ஓடுகிறது, இடது கை எழுத்துக்கூட்டுகிறது. என் முடிவு இதுதான்: பேஸ் கிளெஃப் (கீழ் ஸ்டாஃபில் எந்தக் கோடு எந்த நோட் என்று சொல்லும் தொடக்கக் குறி) ஒரு தேவையில்லாத தொல்லை. இரண்டு கைக்கும் ஒரே கிளெஃப் வைத்திருந்தால் பாதிப் பேர் பியானோவை விட்டு ஓடியிருக்க மாட்டார்கள். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

3.2.2024, இரவு

மறுக்கிறேன்.

பெயர் சொல்வது வேறு, வாசிப்பது வேறு. பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தவரிடம் "இது என்ன நோட்?" என்று யாரும் கேட்பதில்லை. முந்தைய நோட்டிலிருந்து இது எவ்வளவு தள்ளி இருக்கிறது, அந்த அளவு கை நகர்ந்ததா, அவ்வளவுதான். ஆப் பழக்குவது கண்ணையும் வாயையும். உங்களுக்கு வேண்டியது கண்ணும் விரலும்.

அடுத்து பேஸ் கிளெஃப். இரண்டு ஸ்டாஃபும் இரண்டு தனித்தனி லிபி என்று நினைத்துக்கொண்டு படிப்பதுதான் சிக்கல். அச்சில் நடுவே நிறைய இடம் விட்டிருப்பது விரல் எண், ‘மெதுவாக’, ‘பலமாக’ மாதிரிக் குறிப்புகள் எல்லாம் எழுதுவதற்கு. உண்மையில் இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு கோடு, மிடில் சி (கட்டை வரிசையின் நடுவே உள்ள சி நோட்). அதை எப்போதும் போட்டு வைக்காமல் தேவைப்படும்போது துண்டாகப் போடுகிறார்கள்.

பென்சிலை எடுத்து இதைச் செய்து பாருங்கள். ட்ரெபிளுக்குக் கீழே அந்த மாதிரித் துண்டுக் கோடுகள், அதாவது லெட்ஜர் கோடுகள், வரைந்து இறங்குங்கள். முதல் கோடு சி. இரண்டாவது ஏ, அது பேஸ் ஸ்டாஃபின் உச்சிக் கோடு. மூன்றாவது எஃப், பேஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிகளும் கட்டிப்பிடித்திருக்கும் கோடு. இப்போது பேஸிலிருந்து மேலே ஏறுங்கள். முதல் லெட்ஜர் சி, இரண்டாவது இ, அதுதான் ட்ரெபிளின் அடிக்கோடு. மூன்றாவது ஜி, ட்ரெபிள் கிளெஃப் சுற்றிக்கொண்டிருக்கும் கோடு. லெட்ஜர் கோடு என்று நாம் பயப்படுவது பக்கத்து வீட்டு ஸ்டாஃபின் கோடுதான், வேறொன்றுமில்லை.

4.2.2024, மதியம்

மேலே ஒருவர் குறுக்குவழி சொல்லியிருக்கிறார்: பேஸில் இருப்பதை ட்ரெபிள் மாதிரி வாசித்து இரண்டு எழுத்து கூட்டிக்கொள். கணக்கு சரி. ட்ரெபிளின் அடிக்கோடு இ, பேஸின் அடிக்கோடு ஜி. மற்ற கோடுகளும் அப்படியே, சத்தம் மட்டும் இரண்டு ஆக்டேவ் கீழே (ஒரு சி-யிலிருந்து எட்டாவதாக வரும் அடுத்த சி வரை ஒரு ஆக்டேவ்).

ஆனால் தயவுசெய்து அதைப் பழக்கமாக்காதீர்கள். நான் வருடக்கணக்கில் அதை வைத்துதான் ஓட்டினேன். மெதுவான பாட்டில் யாருக்கும் தெரியாது. வேகம் கூடியதும் ஒவ்வொரு இடது கை நோட்டுக்கும் ஒரு கூட்டல் கணக்கு. கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் மூன்று நோட்) வந்தால் மூன்று கூட்டல். அதை மறப்பதற்கு, புதிதாகக் கற்பதைவிட அதிகப் பாடுபட்டேன்.

அதற்குப் பதில் சி-களைப் பிடியுங்கள். மிடில் சி நடுவில். ட்ரெபிளில் மேலிருந்து இரண்டாவது இடைவெளி ஒரு சி. பேஸில் கீழிருந்து இரண்டாவது இடைவெளி ஒரு சி. ட்ரெபிளுக்கு மேல் இரண்டாவது லெட்ஜர் கோடு ஒரு சி, பேஸுக்குக் கீழ் இரண்டாவது லெட்ஜர் கோடு ஒரு சி. பக்கத்தை மிடில் சி கோட்டில் மடித்தால் ஒன்றின் மேல் ஒன்று அச்சாக உட்காரும். இந்த ஐந்துடன் ட்ரெபிள் ஜி, பேஸ் எஃப். அவ்வளவு போதும். மற்ற எதையும் பெயரால் தெரிந்திருக்கத் தேவையில்லை, பக்கத்து அடையாளத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் போதும்.

4.2.2024, மதியம், உடனே பின்னால்

ட்ரெபிள் கோடுகளைக் கீழிருந்து இ, ஜி, பி என்று ஞாபகம் வைக்கும் "எவ்ரி குட் பாய்" வாய்ப்பாட்டை ஏன் சொல்லவில்லை என்று தனிச்செய்தியில் ஒரு கேள்வி. அந்த நல்ல பையனை நம்பினால் நாலாவது கோட்டுக்கு வரும்போதெல்லாம் முதல் கோட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அவனோடு படியேற எனக்குத் தெம்பில்லை.

6.2.2024

தூரத்தை எப்படிக் கண்ணால் அளப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணக்கூடாது, பார்த்ததும் தெரிய வேண்டும்.

கோட்டிலிருந்து கோட்டுக்கோ இடைவெளியிலிருந்து இடைவெளிக்கோ போனால், இரு முனை நோட்டையும் சேர்த்து, அது மூன்று, ஐந்து, ஏழு இவற்றில் ஒன்று. அடுத்த கோடு என்றால் மூன்று, ஒன்றைத் தாண்டினால் ஐந்து, இரண்டைத் தாண்டினால் ஏழு. கோட்டிலிருந்து இடைவெளிக்கு மாறினால் இரண்டு, நாலு, ஆறு, எட்டு. ஆக ஆக்டேவில் ஒன்று கோட்டில் இருந்தால் மற்றது இடைவெளியில்தான் இருக்கும். இது மட்டும் தெரிந்தால் ஏழையும் எட்டையும் குழப்பவே முடியாது. நாலும் ஐந்தும்தான் நீண்ட நாள் சதி செய்யும். எனக்கு இன்றும் களைப்பாக இருந்தால் சதி செய்கிறது.

கைக்கும் அதே அளவு தெரிய வேண்டும். ஐந்து விரலை ஐந்து வெள்ளைக் கட்டையில் வைத்தால் கட்டை விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே ஐந்து. அங்கிருந்து ஒரு கட்டை விரித்தால் ஆறு. பக்கத்தில் ஆறைப் பார்த்ததும் கை தானாக ஒரு கட்டை அகலமாக வேண்டும். நடுவில் எழுத்துப் பெயருக்கு வேலையே இல்லை.

9.2.2024

"ஒரே கிளெஃப்" வாதத்துக்குத் திரும்பி வருகிறேன், அது என்னை விடமாட்டேன் என்கிறது.

இப்போதுள்ள ஏற்பாடு வானத்திலிருந்து விழுந்ததல்ல. இத்தாலிய இசையமைப்பாளர் ஃப்ரெஸ்கோபால்டி 1615-இல் ரோமில் அச்சிட்ட டொக்காட்டா (கீபோர்டு இசைத் துண்டுகள்) தொகுப்பைப் பாருங்கள், மேலே 6 கோடு, கீழே 8 கோடு. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் 1723-இல் தன் கையால் எழுதிய இன்வென்ஷன் (கீபோர்டுப் பயிற்சித் துண்டுகள்) பிரதியில் வலது கைக்கு ட்ரெபிள் கிளெஃப் கிடையாது, சொப்ரானோ கிளெஃப். அதாவது அடிக்கோடுதான் மிடில் சி. அந்தப் பிரதியை அப்படியே கொடுத்தால் இன்று இசைத் தேர்வில் கிரேடு தாண்டியவர்கள்கூட வலது கையிலும் எழுத்துக்கூட்ட வேண்டியதுதான். கோடும் கிளெஃபும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. பழகியது சுலபம், பழகாதது தொல்லை.

இரண்டு கைக்கும் ட்ரெபிள் போட்டு "இடது கை இரண்டு ஆக்டேவ் கீழே" என்று வைத்தால் முதல் மாதம் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கைகள் நடுவில் சந்திக்கும் இடத்தில் என்ன செய்வீர்கள்? ஒரே கட்டைக்கு இரண்டு ஸ்டாஃபிலும் சம்பந்தமில்லாத இரண்டு இடம். இப்போது மேல் ஸ்டாஃபிலிருந்து கீழ் ஸ்டாஃபுக்கு ஒரு மெட்டு இறங்கினால் கண்ணுக்கும் இறங்குவதாகவே தெரிகிறது. அது போய்விடும்.

10.2.2024

குனிந்து கையைப் பார்க்காதீர்கள் என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வார்கள், எப்படி என்று சொல்வது குறைவு. கறுப்புக் கட்டைகள் இரண்டாகவும் மூன்றாகவும் கூட்டமாக இருப்பது கண்ணுக்காக மட்டுமல்ல. விரலை மேலே மேயவிட்டால் இரண்டு கட்டைக் கூட்டம் தட்டுப்படும், அதன் இடது பக்கத்து வெள்ளை சி. மூன்று கட்டைக் கூட்டத்தின் இடது பக்கம் எஃப். நான் இருட்டில் உட்கார்ந்து இதைத் தேடித் தேடிப் பழகினேன். மின்வெட்டுக்கு அன்று மட்டும் நன்றி சொன்னேன். (டிஜிட்டல் பியானோ, சத்தம் வராது. கட்டை இருந்தால் போதும்.)

பிறகு ஒரு துண்டைக் கைகள் மேல் போட்டுக்கொண்டு வாசித்தேன். வீட்டில் சிரித்தார்கள். பலன் இருந்தது. ஒவ்வொரு முறை கண் கீழே போய்த் திரும்பும்போதும் பக்கத்தில் இடத்தைத் தொலைக்கிறோம், உங்கள் ‘நாலு பார்’ நோய்க்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

14.2.2024

"சரிகம தெரிந்தவனுக்கு ஸ்டாஃப் எதற்கு?" சரி, எதிர்பார்த்தேன்.

கர்நாடக இசை வழி வந்தவர்களுக்கு ஒரு பெரிய வரவு உண்டு: இரண்டு சுரத்துக்கு நடுவே உள்ள தூரத்தைக் காது சொல்லிவிடும். ஒரு இடறலும் உண்டு. ஸ எங்கு வேண்டுமானாலும் உட்காரும், ஸ்டாஃபில் கோடு நகராது. ஜி மேஜரில் ஒரு பாட்டு வந்தால் மனம் ஜி-யை ஸ என்று வைத்துக்கொள்கிறது. அது நல்லதுதான், அப்படியே பாடிப் பாருங்கள். ஆனால் விரலுக்கு எஃப் ஷார்ப் (எஃப்-க்கு வலது பக்கத்துக் கறுப்புக் கட்டை) ஞாபகம் வர, ‘நி’ என்று சொன்னால் போதாது, கை கறுப்புக் கட்டைக்கு ஏற வேண்டும். அதனால் எந்தப் பாட்டையும் தொடங்கும் முன் அதன் ஸ்கேலை இரண்டு கையாலும் ஒருமுறை ஏறி இறங்கிவிடுகிறேன். எந்த நோட்டெல்லாம் கறுப்புக் கட்டைக்குப் போகும் என்று வரித் தொடக்கத்தில் காட்டும் கீ சிக்னேச்சரைக் கண்ணால் படிப்பதைவிட அது நிற்கிறது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, நான் வந்த கூட்டம்: சர்ச் கீபோர்டுக்காரர்கள். எல்லாப் பாட்டும் சி மேஜரில், பாடுகிறவர் தொண்டைக்கு ஏற்பச் சுருதியை ஏற்றி இறக்க டிரான்ஸ்போஸ் பொத்தான். சாமர்த்தியத்தில் குறையில்லை. ஆனால் அந்தப் பொத்தான் பிளஸ் மூன்றில் இருப்பது தெரியாமல் ஸ்டாஃப் வாசிக்க உட்கார்ந்தால் கண் ஒன்று சொல்லும், காது ஒன்று சொல்லும், பைத்தியம் பிடிக்கும். வாசிக்கும் முன் முதல் வேலை, பொத்தானைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள்.

17.2.2024

இந்த இழையை மேலிருந்து படித்துப் பார்த்தேன். நோட், நோட், நோட் என்றே பேசியிருக்கிறோம். என்னை நிற்கவைப்பது பெரும்பாலும் நோட் அல்ல, தாளம். வலது கையில் புள்ளி வைத்த கால் நோட்டும் (ஒன்றரை அடி) இடது கையில் எட்டாம் நோட்டுகளும் (அரை அடி) வந்தால், எல்லாப் பெயரும் தெரிந்திருந்தும் கை உறைகிறது.

அதற்கு நான் செய்வது: பியானோவைத் தொடாமல் வலது தொடையில் மேல் ஸ்டாஃப், இடது தொடையில் கீழ் ஸ்டாஃப், தாளத்தை மட்டும் தட்டுவது. பேருந்தில் செய்தால் பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார், நல்ல வசதி.

இன்னொன்று. நிற்காதீர்கள். தப்பான நோட்டைத் திரும்பி வந்து திருத்தாதீர்கள். முடியாத இடத்தில் இடது கையில் முதல் அடி நோட்டை மட்டும் போட்டுவிட்டு ஓடுங்கள். படித்துத் தேர்ந்த பாட்டில் இது பாவம். புதுப் பக்கத்தில் இதுதான் பயிற்சி. இரண்டையும் ஒரே நாளில் ஒரே பாட்டில் செய்யக்கூடாது என்பதுதான் எனக்குத் தாமதமாகப் புரிந்தது.

18.2.2024

ஆப்பைத் தூக்கி எறியச் சொல்கிறேனா என்று கோபமாகக் கேட்டிருக்கிறார் நம் கேள்விக்காரர். இல்லை. அந்த ஐந்து சி-களையும் பதிய வைக்க அது நல்ல கருவி. அதற்குமேல் அதில் கிடைக்கும் மதிப்பெண், ஆப்பில் கிடைக்கும் மதிப்பெண்.

24.2.2024

கைக்கு முன்னால் கண் ஓடுவதைப் பற்றி.

பிரிட்டிஷ் உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா 1974-இல் ஒரு சோதனை செய்தார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தை மறைத்துவிட்டு, இன்னும் எத்தனை நோட் சரியாக வாசிக்கிறார்கள் என்று பார்த்தார். தேர்ந்தவர்கள் ஏழு நோட் வரை போனார்கள், தடுமாறுகிறவர்கள் மூன்று, நாலில் நின்றார்கள். அந்த ஏழும் ஏழு தனி எழுத்துகளாகத் தலையில் இருக்கவில்லை, ஒரு வடிவமாக இருந்தது.

இதை வீட்டிலேயே செய்யலாம். என் தம்பி விசிட்டிங் கார்டை வைத்து நான் வாசிக்கும் பாரை மறைத்துக்கொண்டே வருவான். கண் அடுத்த பாருக்குப் போவதைத் தவிர வழியில்லை. முதலில் சண்டை வரும்.

வடிவமாக வாசிப்பதில் ஒரு வேடிக்கையும் உண்டு. போரிஸ் கோல்டோவ்ஸ்கி என்ற பியானோ கலைஞர், ஓப்பரா நடத்துநர். அவரிடம் படித்த ஒரு மாணவி இசையமைப்பாளர் பிராம்ஸின் கப்ரிச்சோ என்ற பியானோத் துண்டு ஒன்றில், ஓபஸ் (படைப்பு எண்) 76-இல் இரண்டாவது, ஒரு கோர்டில் ஜி ஷார்ப் வரவேண்டிய இடத்தில் ஜி வாசித்தார். கேட்கவே கர்ணகொடூரம். நிறுத்தித் திருத்தச் சொன்னால், "அப்படித்தானே போட்டிருக்கிறது" என்றார். பார்த்தால் அச்சுப் பிழை! அதுவரை யாரும் அதைக் கண்டதில்லை. பிறகு தேர்ந்த வாசிப்பாளர்களிடம், "இதில் ஒரு பிழை இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்று கொடுத்தும் அவர்கள் தெரியாமலேயே திருத்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1976-இல் ஸ்லோபோடா வேண்டுமென்றே பிழை புகுத்திய பக்கங்களைக் கொடுத்தபோதும் அதேதான் நடந்தது.

ஆக, ஒவ்வொரு நோட்டையும் பிழையில்லாமல் பார்த்தது அந்த மாணவி. சரளமானவர்கள் பார்க்கவே இல்லை. இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கு இரண்டு மனசுதான். என் வயதில் யாராவது என்னைக் கர்ணகொடூரம் என்று சொன்னால், "அச்சுப் பிழை" என்று சொல்லிப் பார்க்கலாம்.

2.3.2024

கோர்டுகளை எப்படி ஒரே பார்வையில் பிடிப்பது? கேட்டவர் இடது கைக்காரர் என்று நினைக்கிறேன்.

நெருக்கமான மூன்று நோட் கோர்டு. மூன்றும் கோட்டில் அல்லது மூன்றும் இடைவெளியில் என்றால் அடி நோட்டுதான் வேர், கோர்டுக்குப் பெயர் தரும் நோட். நடுவில் எங்காவது சற்றுப் பெரிய இடைவெளி தெரிந்தால் அது தலைகீழான கோர்டு. அந்த இடைவெளிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் நோட்டே வேர். இ-ஜி-சி என்றால் பெரிய இடைவெளி ஜி-க்கும் சி-க்கும் நடுவே, வேர் சி. ஜி-சி-இ என்றாலும் பெரிய இடைவெளிக்கு மேலே இருப்பது சி. எந்தக் கிளெஃபிலும் இது மாறாது. பேஸ் கிளெஃபில் நான் முதன்முதலாக மூச்சுவிட்டது இதற்குப் பிறகுதான்.

வாசிக்கும்போது கீழிருந்து மேலே படியுங்கள். நம் கண்ணுக்கு மெட்டு இருக்கும் உச்சியைப் பார்த்தே பழக்கம். அடி நோட்டை முதலில் பிடித்தால் மேலே என்ன வரக்கூடும் என்பது பாதி தெரிந்துவிடுகிறது.

9.3.2024

லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்), பாடகர் குழுப் பயிற்சி, அதனால் இங்கே வரவில்லை.

இரண்டு ஸ்டாஃபையும் சேர்த்துப் பழக ஞானப்பாட்டு ட்யூன் புத்தகத்தைவிட மலிவான வழி கிடையாது. பெண் குரல்கள் சொப்ரானோ, ஆல்டோ மேலே, ஆண் குரல்கள் டெனர், பேஸ் கீழே, ஒவ்வொரு அடிக்கும் நாலு நோட்டு. பெரும்பாலும் அடிக்கொரு கோர்டு, அதனால் தாளத் தொல்லை குறைவு. நான் முதலில் சொப்ரானோவும் பேஸும் மட்டும் வாசித்தேன், வெளிக்கோடுகள் இரண்டும். அது நிற்காமல் வந்த பிறகு ஆல்டோ. டெனர் கடைசி. டெனர் எட்டாத இடத்தில் வலது கட்டை விரல் எடுத்துக்கொள்ளும், அதைப் புத்தகம் சொல்லாது.

ஆனால் எல்லா ட்யூனும் சுலபம் என்று நம்பி ‘இரத்தம் காயம் குத்தும்’ பக்கத்தை பாக் எழுதிய குரல்களோடு திறந்துவிடாதீர்கள். மெட்டு ஜெர்மானிய இசையமைப்பாளர் ஹாஸ்லர் 1601-இல் வெளியிட்ட ஒரு காதல் பாட்டுடையது. பிறகு பக்திப் பாட்டாகி, பாக், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் தன் மத்தேயு பாஷனில் அதைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். மேலே அமைதியாகப் போகும், அடியில் டெனரும் பேஸும் எட்டாம் நோட்டுகளில் ஊர்ந்துகொண்டே இருக்கும். பெரிய வெள்ளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நான் முன்னால் சொன்ன "நிற்காதீர்கள்" உபதேசத்தை இந்த ஒரு பாட்டில் எனக்கே நிறைவேற்ற முடியவில்லை.

10.3.2024

தேர்வு எழுதும் பிள்ளையின் அம்மா ஒருவர் கேட்டதற்கு: டிரினிட்டி என்ற லண்டன் தேர்வு வாரியத்தின் பியானோத் தேர்வில் இனிஷியல் என்ற தொடக்க நிலையிலிருந்து கிரேடு 5 வரை துணைத் தேர்வுகளில் எந்த இரண்டை எடுப்பது என்பது நம் விருப்பம். அதனால் சைட் ரீடிங்கை (புதுப் பக்கத்தைப் பார்த்ததும் வாசிப்பதை) ஒதுக்கிவிட்டு ஏறிவிடலாம், நிறையப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். கிரேடு 6-இல் அது கட்டாயம். அங்கே வந்து முதல் வகுப்புப் பாடத்தைத் தேடுவது கொடுமை. ஏபிஆர்எஸ்எம் என்ற இன்னொரு பிரிட்டிஷ் வாரியம் நேரில் நடத்தும் தேர்வில் எல்லா கிரேடிலும் சைட் ரீடிங் உண்டு, 150-க்கு 21 மதிப்பெண், பார்த்துக்கொள்ள அரை நிமிடம்.

அந்த அரை நிமிடத்தில் முதல் வரியை வாசித்துப் பார்த்து நேரத்தைக் கரைக்க வேண்டாம். கீ, தாளம், கைகள் தொடங்கும் இடம், நடுவில் கை எங்கே நகர்கிறது, எந்த பார் நோட் நெருங்கி மிகவும் கறுப்பாகத் தெரிகிறது. அந்தக் கறுப்பு பாரின் வேகம்தான் முழுப் பாட்டின் வேகம். நடைமுறையில் அதற்குமேல் எதற்கும் நேரம் இருக்காது.

16.3.2024

எதை வாசிப்பது? உங்கள் நிலைக்கு இரண்டு, மூன்று கிரேடு கீழே, நிறைய, ஒவ்வொன்றையும் ஓரிரு முறை மட்டும். மூன்றாவது முறைக்கு விரலுக்கு மனப்பாடம் ஆகிவிடும், கண் வேலையை விட்டுவிடும். என் மாதிரிக் காதால் வாசித்து வளர்ந்தவர்களுக்கு இரண்டாவது முறையே ஆபத்து.

ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்ட்டோக்கின் மிக்ரோகாஸ்மோஸ் இதற்கு நன்றாக உதவும், 153 துண்டுகள், ஆறு தொகுதிகள். முதல் பாடங்களில் இரண்டு கையும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கும், ஆக்டேவ் தள்ளி. ட்ரெபிளில் இருப்பது பேஸில் எப்படித் தெரிகிறது என்று பக்கமே காட்டிக்கொடுக்கும். மெட்டுகள் காதுக்கு எதிர்பாராத பக்கம் திரும்புவதால் ஊகித்து ஏமாற்றவும் முடியாது. சிலருக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. இப்போது காலையில் காப்பியோடு ஒன்று.

17.3.2024

கேள்விக்காரர் திரும்பி வந்திருக்கிறார்: எல்லாம் சரி, கீழ் ஸ்டாஃபில் திடீரென்று ட்ரெபிள் கிளெஃப் முளைக்கிறதே, அது யார் செய்த சதி?

இடது கை மேலே ஏறும்போது நாலைந்து லெட்ஜர் கோடு போடாமல் தப்பிக்க அச்சிடுபவர் செய்வது. மாறும் இடத்துக்குச் சற்று முன்பே சிறிய கிளெஃப் ஒன்று போட்டிருப்பார்கள், வரி முடிவில் வந்தால் வரியின் கடைசியிலேயே எச்சரிக்கையாக நிற்கும். வீட்டில் வாசிக்கத் தொடங்கும் முன் அதைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். திரும்பி பேஸுக்கு வரும் இடத்தையும் வட்டமிடுங்கள், மறந்துபோவது அதுதான்.